வடிகான் ஓரத்துக் கீரை

ஜூலை 6, திங்கள்

கச்சான் காற்று. காலை எட்டு மணிக்கே வாயெல்லாம் மண். மோட்டார் சைக்கிளுக்குப் பிளக் மாற்ற வேண்டும். மறந்தால் நாளைக்கும் தள்ளல்தான்.

சுகாதார ஆபீஸில் டாக்டர் கூப்பிட்டார். காரைதீவுக்காரி. வந்து ஒரு வருடம்தான், அதற்குள் எங்களை விட நன்றாக ஊரை அறிந்து வைத்திருக்கிறார். கதவைச் சாத்தச் சொன்னார்.

பல்கலைக்கழகப் பிள்ளைகள் வந்து வடிகான் ஓரத் தோட்டங்களில் மண்ணும் மரக்கறியும் எடுத்துப் போனார்களே, அதன் முடிவு. ஈயம் அளவுக்கு மேல். கட்மியமும் இருக்கிறதாம். கத்தரி, வெண்டியில் குறைவு. இலைக்கறிகளில் அதிகம். எல்லாவற்றிலும் மோசம் கங்குன் கீரை.

"சந்தைத் தண்ணி, பட்டறைத் தண்ணி, பற்றரி கழுவுற தண்ணி, எல்லாம் அந்தக் கானுக்குள்ளதானே விழுது? அதைத்தானே அள்ளி ஊத்துறாங்க" என்றார். "சின்னப் பிள்ளையளும் கர்ப்பிணியளும் ஒரு இலைகூடத் தின்னக்கூடாது. ஈயம் தாயிட இரத்தத்தால பிள்ளைக்குப் போகும். மூளை வளர்ச்சிக்குக் கூடாது."

பிறகு, "உங்கட வீடும் அந்தப் பக்கம்தானே?"

"ஓம் டாக்டர், கொஞ்சம் அங்கால."

கொஞ்சம் அங்காலயாம்! எங்கள் வளவின் பின்வேலியைத் தாண்டினால் கான். வேலிக்கும் கானுக்கும் நடுவில் மாமியின் கீரைத் தோட்டம். என் மனைவி ஹசீனாவுக்கு வயிற்றில் ஆறு மாதம். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாய் தானாகச் சொன்னது.

பகல் சாப்பாட்டில் கங்குன் சுண்டல், நிறையத் தேங்காய்ப்பூ போட்டு. தொடவில்லை. "என்ன, காய்ச்சலா?" என்று நெற்றியில் கை வைத்தாள் ஹசீ.

அவளிடம் என்னவென்று சொல்வது? சுனாமியில் கடல் வந்த அன்று எங்கள் மகள் போனாள். நடக்கத் தொடங்கியிருந்த நேரம். அதற்குப் பிறகு வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. இதுதான் தங்கியிருக்கிறது. தூக்கத்திலும் வயிற்றில் கையை வைத்தபடி கிடக்கிறாள். இவ்வளவு நாளும் நீ தின்றது நஞ்சு என்று அவளிடம் எந்த வாயால் சொல்வது?

சத்தம் போடாமல் நிறுத்திவிட்டால் போதும். "இனிக் கீரை வேணாம், உம்மாட்டச் சொல்லு" என்றேன். "ஓம்" என்றாள். அவ்வளவுதான்.

ஜூலை 7, செவ்வாய்

பிளக் மாற்றியாயிற்று. ஆனாலும் இருமுகிறது, சனியன்.

செய்ய வேண்டியவை:
கான் ஓரத் தோட்டக்காரருக்குக் கூட்டம், வியாழன்.
பற்றரிப் பட்டறைக்குப் போய் வாயால் ஒரு எச்சரிக்கை.
கிணற்றுத் தண்ணீர் மாதிரி எடுப்பது.
தலைமயிர் வெட்டுவது.

பகல்: பொரித்த மீன், பருப்பு, முருங்கைக்காய்ப் பால்கறி. கீரை இல்லை. அப்பாடா. ஒரு சொல்லோடு காரியம் முடிந்தது.

மாமிக்கும் எனக்கும் நேர்ப்பேச்சு இல்லை. சண்டை ஒன்றும் இல்லை, மரியாதை. கலியாணம் முடித்து இந்தக் குடும்பத்துக்கு மாப்பிள்ளையாக வந்து ஏழு வருடம். குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று, "மருமகனுக்கு இன்னும் சோறு வேணுமாண்டு கேளு புள்ள" என்பார். நான் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருப்பேன். நானும் ஹசீயைப் பார்த்து, "காணும், போதும்" என்பேன். முகாமில் எல்லாரும் ஒரே கூடாரத்தில் கிடந்தபோதுகூட நடுவே ஒரு சேலையைக் கட்டித் தொங்கவிட்டார். ஊரில் பலர் இந்த வழக்கத்தை விட்டுவிட்டார்கள். மாமி விடவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் அது வசதிதான்.

ஜூலை 9, வியாழன்

காற்று அடங்கவில்லை. கூட்டத்துக்குப் பெண்கள்தான் அதிகம் வந்தார்கள். மாமி வரவில்லை. மருமகன் நின்று பேசும் இடத்துக்கு அவர் எப்படி வருவார்?

எல்லாரும் கடலுக்கு வீடு கொடுத்துவிட்டு இந்தச் சதுப்பு நிலத்தில் வந்து குந்தியவர்கள். சண்டைக் காலத்தில் பாதை பூட்டி மரக்கறி லொறி வராத நாட்களில் ஊருக்கே சோறு இறங்கியது இந்தக் கீரையால்தான். அவர்களிடம் போய் இது கூடாது என்று சொல்ல வேண்டும். சுகாதாரப் பரிசோதகர், நல்ல உத்தியோகம் பார்த்தேன்.

"நல்லாக் கழுவி அவிச்சா எல்லாம் செத்திரும்தானே?" பக்கத்துத் தோட்டத்து ரஹ்மத் ராத்தா.

"இது கிருமி இல்ல ராத்தா, சாகிறத்துக்கு. ஈயம். அவிச்சாலும் அப்படியே கிடக்கும். வேரால உறிஞ்சி இலைக்குள்ள ஏறியிரிக்கி. கழுவியும் போகாது."

"அப்ப கேம்ப்ல ஒலிபெருக்கியப் புடிச்சிக் கத்தினீங்களே, கழுவுங்க, அவிங்க எண்டு?"

கத்தினேன்தான். கடல் வந்த பிறகு முகாம் முகாமாகப் போய், தொண்டை கட்டும்வரை. வயிற்றோட்டத்துக்குப் பயந்து சொன்னது. அதுவும் உண்மை, இதுவும் உண்மை. ஆனால் சனம் முதலில் கேட்டதைத்தான் பிடித்து வைத்திருக்கும். விளக்கி விளக்கி நாக்கு வறண்டது.

"பாருங்களன், என்ன செழிப்பா இரிக்கி. நஞ்செண்டா இப்பிடி வளருமா?" இன்னொருத்தி. கானில் சாக்கடைச் சத்தும் இருக்கிறது, அதில்தான் வளர்கிறது, கூடவே மற்றதும் ஏறுகிறது என்றேன். நம்பியதாகத் தெரியவில்லை.

கடைசியில் ரஹ்மத் ராத்தா எழும்பினார். "முதல்ல உங்கட மாமிட கீரையப் புடுங்கிப் போட்டுட்டு வாங்க தம்பி. மறுகா எங்கடயப் பாப்பம்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

திரும்பும் வழியில் பட்டறை. முதலாளி பற்றரியைக் குப்புறக் கவிழ்த்துக்கொண்டே கதைத்தார். "சண்டைக்குள்ள கரண்ட் இல்லாம ஊரே நான் குடுத்த பற்றரிலதான் லைட் எரிச்ச. அப்ப நான் நல்ல மனிசன். இப்ப சண்டை முடிஞ்சிட்டு, நான் நஞ்சுக்காரனா?" மோட்டார் சைக்கிளைத் திருப்பினேன். அந்தத் தண்ணீரும் என் கண் முன்னால் கானுக்குள் போனது.

ஜூலை 10, வெள்ளி

ஜும்ஆ. சந்திச் சோதனைச் சாவடியில் மணல் மூட்டைகளைக் கழற்றுகிறார்கள். அடையாள அட்டையை எடுக்கக் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. போ போ என்று கையைக் காட்டினான் சிப்பாய்.

பகல்: நாட்டுக்கோழிக் கறி. எனக்காகவாம். "மருமகன் மெலிஞ்சிட்டாரெண்டு உம்மா சொல்றா" என்று ஹசீ சிரித்தாள். மீன், முட்டை, கோழி. இந்தக் கிழமை முழுக்க ராச கவனிப்பு. மாமிக்கு விசயம் விளங்கிவிட்டது போல. ஆர்ப்பாட்டம் இல்லாமல் முடித்தேன் என்று கொஞ்சம் பெருமையாகவும் இருக்கிறது.

மிட்வைஃப் வந்து போனாராம். ஹசீக்கு இரத்தம் குறைவு. மாத்திரை கொடுத்திருக்கிறார்.

ஜூலை 12, ஞாயிறு

விளக்கைத் தணித்து வைத்து எழுதுகிறேன். எழுத்தும் கோணல்.

பகல் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தேன். தாகம். செம்பில் தண்ணீர் இல்லை. ஹசீயைக் கூப்பிடாமல் நானே குசினிக்குப் போனேன். வழக்கம்போல் கதவடியில் செருமினேன். மாமி சட்டென்று பின்பக்கம் போய்விட்டார்.

ஹசீ பலகையில் குந்திச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் ஆம்பிளைகள் தின்று எழும்பிய பிறகுதான் அவர்கள் தின்பது. ஏழு வருடமாக அவள் என்ன தின்கிறாள் என்று நான் பார்த்ததில்லை.

கோப்பையில் சோறு கொஞ்சம். மிச்சம் எல்லாம் கீரை.

"என்ன இது?"

"கங்குன். உங்களுக்குப் புடிக்காதெண்டு உம்மா எனக்கு மட்டும் ஆக்குறா."

"நான் வேணாமெண்டு சொன்னன்தானே?"

"உங்களுக்கு வேணாமெண்டுதானே சொன்னீங்க? மிட்வைஃபும் சொன்னா, இரத்தத்துக்குக் கீரைதான் நல்லம், நல்லாச் சாப்பிடுங்க எண்டு. உங்கட பங்கையும் சேத்து எனக்குத்தான் தாறா." பிறகு, நான் அதற்காகத்தான் கோபப்படுகிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, "ரஹ்மத் ராத்தா என்னமோ கான் தண்ணி கூடாதெண்டாவாம். அதுக்குத்தான் உம்மா மூணு தரம் கழுவி, நல்லா அவிச்சித் தாறா" என்றாள்.

எனக்கு என்ன பிடித்ததென்று தெரியவில்லை. கோப்பையைப் பறித்துக் கதவுக்கு வெளியே எறிந்தேன். கோழிகள் ஓடி வந்தன. ஐயோ அதுகளும் தின்னக் கூடாதே என்று அதுகளையும் விரட்டினேன். பைத்தியக்காரன் மாதிரி நின்றிருப்பேன்.

ஹசீ அழுதாள். வேலிக்குப் பின்னால் மாமியின் குரல், என்னிடம் இல்லை, காற்றிடம்: "சோத்த எறியிற ஊடா இது, யா அல்லாஹ்!"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒலுவில் துறைமுகம் வரைக்கும் போய், தோணிகளைப் பார்த்துக்கொண்டு இருட்டும்வரை இருந்தேன். திரும்பி வந்தபோது எல்லாரும் படுத்துவிட்டார்கள். கோழை. வேறு சொல் கிடைக்கவில்லை.

ஜூலை 13, திங்கள்

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்குச் சொன்ன பொய்யையும். இவ்வளவு கோபப்பட்டு அவரைப் பார்த்ததில்லை.

"ஊரைக் கூட்டி வச்சுச் சொன்னீங்க. வீட்டில வாய் திறக்கேல்லையா?"

"பயந்திருவா டாக்டர். ஏற்கனவே ஒரு பிள்ளையப் பறிகுடுத்தவ."

"பயந்தா நான் கதைப்பன். தெரியாமத் திண்டா நான் என்ன செய்ய?"

ஹசீயைக் கூட்டி வரச் சொன்னார். இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பலாம், முடிவு வரச் சுணங்கும். இப்போதே நிறுத்துவது எப்படியும் நல்லது. பால், முட்டை, நெத்தலி, இரும்பு மாத்திரை. பிள்ளைக்கு ஒன்றும் ஆகாதா என்று கேட்டேன். "தெரியாதையா" என்றார். பொய் சொல்லாத மனிசி. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

மிட்வைஃபையும் கூப்பிட்டார். இனிக் கான் ஓரக் கீரையைச் சொல்லக் கூடாது, மேட்டு நிலத்தில் கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்ததைச் சொல்லுங்கள் என்றார். மிட்வைஃப் தலையைக் குனிந்துகொண்டார். பாவம், அவரில் பிழை இல்லை. அவருக்கும் நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அந்திக்கு ஹசீ முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நாளைக் காலை. கட்டாயம்.

ஜூலை 14, செவ்வாய்

காற்று விழுந்துவிட்டது. ஒரு இலை அசையவில்லை.

சுபஹு தொழுதுவிட்டு வந்து ஹசீயை உட்கார வைத்துச் சொன்னேன். ஈயம், கான் தண்ணீர், பிள்ளை, எல்லாம். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. இரண்டு கையாலும் வயிற்றை மூடிக்கொண்டாள், யாரோ அடிக்க வருவது போல.

"பிள்ள துடிக்குது. இப்பவும் துடிக்குது. இங்க பாருங்க." என் கையை எடுத்து வைத்தாள். துடித்தது. அல்ஹம்துலில்லாஹ்.

"உம்மாக்கும் சொல்லு. நான் ஆபீஸுக்கு லீவு போட்டுட்டு வாறன், டாக்டரிட்டப் போவம்."

"நான் சொல்ல மாட்டன்."

"ஏன்?"

"நீங்க ஒண்டு சொல்றீங்க. அது எனக்குள்ளால போய் உம்மாக்கு வேற ஒண்டாப் போகுது. இனி நான் நடுவுல நிக்க மாட்டன். நீங்களே போய்ச் சொல்லுங்க."

போனேன். மாமி தோட்டத்தில் கானுக்குப் பக்கத்தில் குந்திக் கங்குன் அறுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வாளி, தண்ணீர் மேலே எண்ணெய் மினுங்கியது. என்னைக் கண்டதும் முக்காட்டை இழுத்துவிட்டு மறுபக்கம் திரும்பினார். நான் செருமவில்லை. சுற்றிப் போய் அவர் முன்னால் குந்தினேன்.

"மாமி" என்றேன். அந்தச் சொல்லை அவரைப் பார்த்துச் சொன்னது இதுதான் முதல் தரம்.

சொன்னேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். கையில் அறுத்த பிடி அப்படியே இருந்தது. அவிச்சாலும் போகாதா என்று கேட்கவில்லை. நீங்கதானே கத்தினீங்க என்றும் சொல்லவில்லை. அதற்கெல்லாம் பதில் வைத்திருந்தேன்.

முகத்தைத் தூக்கி நேராகப் பார்த்தார். கண்ணைச் சுற்றிச் சுருங்கிப் போயிருக்கிறார். நான் அறியவே இல்லை.

"உங்களுக்கு எப்பத் தெரியும் மகன்?"

"போன திங்கள், மாமி."

"போன திங்களா."

கீரைப் பிடியைக் கீழே வைத்தார். நிலத்தைப் பார்த்தபடி, கணக்குச் சொல்வது போல மெதுவாகச் சொன்னார்.

"செவ்வாய் பொன்னாங்காணி குடுத்தன். புதன் கங்குன். நீங்க கூட்டம் வச்ச அண்டைக்கும் கங்குன்தான். வெள்ளி உங்களுக்குக் கோழி, அவளுக்குக் கீரையும் முட்டையும். சனி கடைஞ்சி குடுத்தன். ஞாயிறு நீங்க எறிஞ்சிட்டுப் போனீங்க. புள்ள அழுதழுது பசியோட கிடந்தா. எனக்கு மனம் பொறுக்கல்ல மகன். அந்திக்கு மறுகாப் பறிச்சி ஆக்கி, என்ட கையால வாயில தீத்தி விட்டன்."