காத்தான் செத்த விவரம்

பூதலூர்
17.11.1997

அன்பு மகன் ரெஜினுக்கு அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்பித்தான் எழுத வேண்டியிருக்கிறது, நாலு மாதமாக நீ போடும் கார்டில் நலம் என்பதைத் தவிர உன்னைப் பற்றி ஒரு வரி கிடையாது, தேரைகளைப் பற்றித்தான் கேள்வி. எனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை, அதற்குள் திருப்பூர் சாயப்பட்டறைக்குப் போன பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிற அப்பனாகிவிட்டேன். இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது, சம்பாப் பயிர் தேறிவிட்டது, அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே.

நீ கேட்டதற்கு வருகிறேன். கொல்லைத் தொட்டியில் நீ பேர் வைத்து வளர்த்த இரண்டு தேரைகளில் காத்தான் செத்துவிட்டான். மழையில் எங்கேயோ போயிடுச்சுன்னு எழுதுங்க, புள்ள மனசு கஷ்டப்படும் என்றாள் அம்மா. எனக்குப் பொய் எழுத வராது. அவனைக் கொன்றது நான்தான். தீபாவளி கழிந்த வாரம் அவன் இரை எடுக்கவில்லை, மூக்குக்கு நேரே கரப்பான் ஓடினாலும் சும்மா இருந்தான். அடிவயிறு செவந்திருக்கு, தண்ணிய மாத்திப் பாருங்க என்று அம்மா சொன்னாள். சொறித்தவளைக்கு என்ன தனியாகத் தோல் வியாதி என்று அவள் வாயை அடைத்தேன். இரண்டு நாளில் தொடை இடுக்கெல்லாம் ரத்தம் கட்டினாற்போல ஆகி, தோல் துண்டு துண்டாக உரிந்தது. நல்ல தேரை தோலை முழுசாக உரித்துத் தானே விழுங்கிவிடும், அதை எனக்குக் காட்டியவனே நீதான். எங்கள் கால்நடை மருந்தகத்திலிருந்து பர்மாங்கனேட் கொண்டுவந்து, கோமாரி வந்த மாட்டுக்குக் குளம்பு கழுவுகிற அளவில் கரைத்து அதில் உட்கார வைத்தேன். பதினாறு வருஷமாக இந்தக் கைக்கு அந்த அளவுதான் தெரியும். தேரை வயிற்றுத் தோலால் தண்ணீர் குடிக்கிற ஜீவன் என்பதை நினைக்கவில்லை. அரை மணி நேரத்தில் காலை நீட்டிவிட்டான்.

தஞ்சாவூர் மீட்டிங்கில் எங்கள் டாக்டரிடம் சொன்னபோது, பால் கறக்காததுக்கெல்லாம் எதுக்குய்யா வைத்தியம் பாக்குறே என்று சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு அவர் சொன்னதும் அம்மா சொன்னதுதான், அழுக்குத் தண்ணீரை முதலில் மாற்று. மற்றவன் கண்ணுசாமிக்கும் வயிறு சிவந்திருந்தது. அவனைத் தனி டப்பில் விட்டு, சோப்புக் கையால் தொடாமல், தினம் மழைத் தண்ணீர் மாற்றி, டாக்டர் கொடுத்த மருந்தைச் சொட்டுக் கணக்கில் முதுகில் விட்டோம். முந்தாநாள் தோலை முழுசாக உரித்து விழுங்கினான், பிழைத்துக்கொண்டான். நீ போனதிலிருந்து தொட்டியை யாரும் கழுவவில்லை. கழுவிக்கொண்டிருந்தவன் நீ. குத்திக்காட்டத்தான் எழுதுகிறேன்.

ரயிலடியில் துணிக்கடை வைத்திருக்கும் நெய்னா முகம்மது பாய் சரக்கு எடுக்கத் திருப்பூர் வந்தபோது உன்னைப் பார்த்தாராம். கையைப் பின்னாலயே கட்டிக்கிட்டுப் பேசுறான், டீ கிளாஸ் வாங்கும்போதுதான் பாத்தேன், விரல்லாம் தோல் கழண்டு கெடக்கு, கேட்டா சாயம் மாமா, கழுவுனா போயிடும்ங்கிறான் என்றார். சாயம் ஒட்டினால் தோல் கழலாது, மருந்துத் தண்ணீரில் வெறுங்கையை விட்டால்தான் கழலும். அம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை, பொய் வராது என்று மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படி. கையுறை போடாமல் சாயத் தொட்டியில் கை வைக்காதே, மேஸ்திரி உறை தராவிட்டால் வேலை வேண்டாம். மருந்து நான் சொல்ல மாட்டேன், மாட்டுக்குப் படித்தவன், ஒரு தடவை அளவு தப்பியது போதும். நாளைக்கே மனுஷ டாக்டரிடம் காட்டு.

உன் நெற்றியில் சிலுவை வரைந்ததாக நினைத்துக்கொள், மாதா உன்னைக் காக்கட்டும், அம்மாவின் முத்தமும் இதில் இருக்கிறது. பதிலை வேறு ஆளை வைத்து எழுதாதே. பேனா பிடிக்க முடியவில்லை என்றால் எழுதவே வேண்டாம், புறப்பட்டு வா.

உன் அப்பா,
மி. மிக்கேல்ராஜ்