எல்லோருக்கும் ஒரே நீலக் கோட்டு

சித்தப்பா,

இன்று காலை இண்டூர் பஸ் ஸ்டாப்பில் மேட்டுக்காட்டுப் பெரியவரைப் பார்த்தேன். நேரில் இல்லை, ஃப்ளெக்ஸில். மேலே ‘கண்ணீர் அஞ்சலி’, இரண்டு பக்கமும் மெழுகுவத்தி, நடுவில் அவர். வாழ்நாள் முழுக்க ஆடு மேய்த்தவர். தோளில் துண்டைத் தவிர வேறு எதையும் போட்டு யாரும் பார்த்ததில்லை. இப்போது நீலக் கோட்டு, வெள்ளைச் சட்டை, சிவப்பு டை. தலை மட்டும்தான் அவருடையது. கழுத்துக்குக் கீழே யாரோ ஒரு கலெக்டர். அவருடைய ஆடுகளே வந்து பார்த்தாலும் மிரண்டு ஓடும்.

பஸ் வரும்வரை அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதை எனக்கு நன்றாகத் தெரியும். போன பொங்கலுக்கு முன்னால் மளிகைக்கடைக்காரர் போட்டிருந்தார். அவருக்கு முன்னால் பஞ்சர் கடைத் தாத்தா. பாப்பாரப்பட்டி ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் இருக்கும் ஒரே கோட்டு அதுதான். நம் பக்கத்தில் செத்துப்போகிறவர்கள் எல்லோரும் முறைவைத்து அதற்குள் நுழைகிறார்கள். வெளுப்பதும் இல்லை, கிழிவதும் இல்லை.

உங்களையும் அதற்குள் நுழைக்கப் பார்த்தார்கள். நான் விடவில்லை. அந்தச் சண்டையில் நீங்கள் பேச முடியாத இடத்தில் இருந்தீர்கள். அதனால் என்ன நடந்தது என்று நானே சொல்கிறேன்.

உங்களுக்கும் டைக்கும் இருந்த உறவு எனக்குத்தான் முழுசாகத் தெரியும். மருந்துக் கம்பெனி ரெப் என்றால் காலையில் டை, கையில் பை, காலடியில் பைக். டாக்டர் மின்விசிறிக்குக் கீழே சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்திருப்பார். எதிரில் நீங்கள் கழுத்தை இறுக்கிக்கொண்டு நிற்பீர்கள். “யாருக்கு வைத்தியம் பாக்கணும்னே தெரியலையே சித்தப்பா” என்று நான் ஒருமுறை சொன்னதற்கு, டாக்டருக்குக் கொடுக்க வைத்திருந்த பேனாவில் ஒன்றை எனக்குப் பரிசாகக் கொடுத்தீர்கள்.

சாயங்காலம் பாப்பாரப்பட்டியில் கடைசி கிளினிக் முடிந்ததும் பள்ளிக்கூட வாசலில் வந்து என்னை ஏற்றிக்கொள்வீர்கள். ஊர் எல்லையைத் தாண்டியதும் ஆள்காட்டி விரலை முடிச்சுக்குள் விட்டு ஒரே இழுப்பு. டை சட்டைப் பைக்குள் போகும். “ஆபீசு மூடியாச்சு கண்ணு” என்பீர்கள். அதன் பிறகுதான் உங்கள் குரலே உங்கள் குரலாக வரும். பாட்டு, கிண்டல், எதிரே வரும் லாரிக்காரனுக்கு வாழ்த்து, எல்லாம்.

ஆனால் நம் ஊருக்கு முந்தைய சின்னப் பாலத்தில் பைக் நின்றுவிடும். கண்ணாடியைத் திருப்பிவைத்து, சட்டைப் பையிலிருந்து அதே டையை எடுத்து, மறுபடி கட்டுவீர்கள்.

“என்னாத்துக்குச் சித்தப்பா? வூட்டுக்குப் போனதும் திரும்பக் கழட்டத்தானே போறீங்க?”

“அண்ணன் காட்டுல நின்னுட்டு இருக்கும். நான் டையோட போறதப் பாத்தா அதுக்கு ஒரு சந்தோசம்.”

அந்த அண்ணன்தான் என் அப்பா. தம்பி படிக்க வேண்டும் என்று தன் படிப்பைப் பத்தாவதோடு நிறுத்திக்கொண்டு ஏரைப் பிடித்தவர். யாரிடம் உங்களை அறிமுகப்படுத்தினாலும் “டை கட்டி வேலைக்குப் போறானே, அவந்தான்” என்பார். ஊரில் வேறு தம்பிகளுக்கெல்லாம் பெயர் உண்டு. உங்களுக்கு டைதான் பெயர். “அப்பாவுக்குத் தலையில டை, சித்தப்பாவுக்குக் கழுத்துல டை, வெயில் வந்தா ரெண்டும் வழியுது” என்று நான் பாடிக்கொண்டு திரிந்தபோது அப்பா என்னைத் துரத்தினார். நீங்கள் குறுக்கே நின்று சிரித்தீர்கள்.

கோட்டு விஷயத்தில் மட்டும் நீங்கள் அப்பாவுக்கு அடங்கியதே இல்லை. தர்மபுரி மண்டபத்தில் பெரியத்தை மகன் ரிசப்ஷன் ஞாபகம் இருக்கிறதா? சித்திரை மாதச் சூட்டில் மாப்பிள்ளைக்குச் சூட்டு. மேடையில் நின்று அவர் உருகிக்கொண்டிருந்தார். கீழே நம் ஆட்கள் பிரியாணியை விட்டுவிட்டு அவர் உடுப்பைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தார்கள். டை பெல்ட்டைத் தொட வேண்டும் என்று ஒருவர், தாண்டித் தொங்கினால்தான் பார்வை என்று ஒருவர், கோட்டுக்குள்ளே இன்னொரு குட்டிக் கோட்டு இல்லையே என்று வருத்தப்பட்ட ஒருவர்.

நீங்கள் சொன்னீர்கள்: “கோட்டுல கடைசி பட்டனப் போடக் கூடாதுங்கண்ணா. டிரெயினிங்லயே சொல்லிக் குடுத்தாங்க.”

அப்பா உங்களை ஏற இறங்கப் பார்த்தார். “போடக் கூடாதுன்னா எதுக்குடா தெச்சு வெச்சிருக்கான்? அழகுக்கா? நாளைக்கு ஏர்ல கலப்பைய மாட்டக் கூடாதும்பே.”

சொன்னதோடு நிற்கவில்லை. மொய்க் கவரோடு மேடையேறி, மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்து, கடைசி பட்டனைப் போட்டுவிட்டு இறங்கினார். அடுத்து நீங்கள் ஏறினீர்கள். கை குலுக்கினீர்கள். பட்டன் அவிழ்ந்தது. அப்பா குடும்பப் படத்துக்கு என்று மறுபடி ஏறினார். நான் கீழே நின்று வர்ணனை கொடுத்தேன்: “பட்டன் உள்ளே... பட்டன் வெளியே... ஆட்டம் சமநிலை.” ஆல்பத்தைப் புரட்டினால் அந்த மனுஷனின் வயிறு ஒரு பக்கம் மூடியும் ஒரு பக்கம் திறந்தும் இன்றைக்கும் இருக்கிறது. “நான் கலியாணம் பண்ணிக்கிட்டனா, இல்ல டெய்லர் கடைக்கு வந்தனா?” என்று மாப்பிள்ளை கேட்டாராம்.

அந்தச் சிரிப்பு முழுசாக அடங்குவதற்குள்ளேயே நீங்கள் போய்விட்டீர்கள்.

கிளினிக் வாசலில் பைக்கை விட்டு இறங்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள். தகவல் தெரிந்து பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்தேன். உள்ளே பெஞ்சில் படுக்கவைத்திருந்தார்கள். நர்ஸ் அக்கா செய்த முதல் வேலை என் கண்ணில் அப்படியே இருக்கிறது. உங்கள் டையை அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு வரவில்லை. கத்தரிக்கோல் எடுத்துவரச் சொன்னார். அதற்குள் நீங்களே ஆள்காட்டி விரலைத் தூக்கினீர்கள். முடிச்சுவரை அது போகவில்லை.

அதற்குப் பிறகு யாராவது உங்கள் கழுத்தில் மறுபடி டையைக் கட்டிச் சுவரில் மாட்டினால் நான் சும்மா இருப்பேனா?

கருமாதி அன்றைக்குப் படத்திறப்பு என்று முடிவாயிற்று. அப்பா ஸ்டுடியோவுக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்: “கோட்டோட போடுங்க. முழுசா. வெறும் டை போட்டா கம்பெனி ஆளு மாதிரி இருக்கும். கோட்டும் சேந்தாத்தான் ஆபீசர்.”

“சித்தப்பா ஒரு நாளாவது கோட்டுப் போட்டிருக்காராப்பா?” என்றேன்.

“போட வேண்டியவன். அதுக்குள்ள போயிட்டான்.”

அந்தப் பதில் என்னைத் தடுமாற வைத்தது. உண்மையைச் சொன்னால், அழுகையும் வந்தது. ஆனால் அழுகை வந்துவிட்டது என்பதற்காக ஒத்துக்கொள்ள முடியுமா? “போட வேண்டியவர்னா அவருக்குன்னு ஒண்ணு தைங்க. பஞ்சர் கடைத் தாத்தா கழட்டிக் குடுத்ததப் போடாதீங்க” என்றேன். அப்பா கையை ஓங்கினார். அடிக்கவில்லை. சாவு வீட்டில் அடிக்கக் கூடாது என்று நினைத்திருப்பார்.

அடுத்த நாள், படம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துவர என்னைத்தான் அனுப்பினார். வேறு யாரும் வெளியே கிளம்பும் நிலையில் இல்லை. ஸ்டுடியோ அண்ணன் திரையில் உங்களைக் காட்டினார். நீலக் கோட்டுக்குள் நீங்கள், மேலேயிருந்து சொருகிய மாதிரி. கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம்.

“சூப்பரா இருக்கில்ல பாப்பா?”

“இருக்குங்ணா. இது யாரு?”

என் போனில் இருந்த படத்தைக் கொடுத்தேன். வத்தல்மலை வளைவில் டீ குடிக்க நின்றபோது எடுத்தது. வெள்ளைச் சட்டை, மேல் பட்டன் திறந்து, ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்வதற்குள் உங்களுக்கே சிரிப்பு வந்துவிட்ட நேரம். “இதப் போடுங்க. எதையும் ஒட்ட வேணாம். அப்பா கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க” என்றேன். “உங்கப்பா என்னைய ஒட்ட வெட்டிருவாரு” என்று பயந்துகொண்டேதான் போட்டுக் கொடுத்தார்.

படத்திறப்பு அன்று ஊரே இருந்தது. பெரியவர் ஒருவர் துணியை விலக்கினார். நீங்கள் எல்லோரையும் பார்த்துச் சிரித்தீர்கள். கூட்டத்தில் யாரோ பதிலுக்குச் சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். அப்பா மட்டும் உங்கள் கழுத்தையே பார்த்தார்.

“எங்க டை?”

“நான்தான் வேணாம்னேன்” என்றேன். எல்லோர் முன்னாலும்தான். “கடைசியா அவரு மூச்சு முட்டுனப்ப நர்ஸ் அக்கா மொதல்ல அதத்தான் அவுத்தாங்க. நீங்க அங்க இல்ல. நான் இருந்தேன். தினமும் கடைசி கிளினிக் முடிஞ்சதும் அவரே கழட்டிருவாரு. பாலத்துக்கிட்ட வந்துதான் திரும்பக் கட்டுவாரு, உங்களுக்காக.”

அப்பா அதிர்ந்துபோவார் என்று நினைத்தேன். அவர் அதிரவில்லை.

“நம்ம காட்டுல இருந்து பாத்தா பாலம் தெரியும் பாப்பா,” என்றார். “தினமும் பாத்துட்டுத்தான் இருந்தேன். பைக்க நிறுத்துவான். கண்ணாடியத் திருப்புவான். எனக்காவ அத்தன வருசம் கட்டுனான். அதனாலதான் கேக்கறேன். எங்க அது?”

சித்தப்பா, இரண்டு பேரும் உங்களுக்காகத்தான் சண்டை போட்டோம். இரண்டு பேரும் பார்த்தது உண்மைதான். நீங்கள் கழற்றியதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன், நீங்கள் கட்டியதை அவர் தூரத்தில் இருந்து பார்த்தார். 

அதுவரை மூலையில் உட்கார்ந்திருந்த சித்திதான் எழுந்து வந்தார்.

“மாமா, கட்டுனதும் நெசம், கழட்டுனதும் நெசம்,” என்றார் அப்பாவிடம். “ஆனா வாசப்படி தாண்டி உள்ள வந்துட்டா அவரு அத ஆணியில மாட்டிட்டுத்தான் தண்ணியே கேப்பாரு. இந்தப் படம் ரோட்டுல நிக்கப் போறதில்ல. வூட்டுக்குள்ளதான இருக்கப் போவுது? வூட்டுல அவரு இப்படித்தான் இருப்பாரு. இப்படியே இருக்கட்டும்.”

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, உங்களை அவரே மாட்டினார். கோணலாக இருந்ததை இரண்டு முறை திருத்தினார். என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். செய்த தப்புக்குத்தானே அதெல்லாம்?

அடுத்த வருஷம் காலேஜ். அங்கே பிரசென்டேஷன் என்றால் பையன்களுக்கு டை, எங்களுக்குக் கோட்டு என்கிறார்கள். போடச் சொன்னால் போடுவேன். ஆனால் கடைசி கிளினிக் முடிந்துவிட்டதா என்று எனக்கு நானே கேட்டுக்கொள்வேன். முடிந்திருந்தால் ஒரே இழுப்பு.

இன்னொன்றையும் சுமந்துகொண்டிருக்கிறேன். நான் கேட்டு வாங்கியது இல்லை. பேசாமல் இருந்த அந்த வாரம் முடிந்த அன்று, அப்பா மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னார்:

“எனக்குன்னு படம் போடறப்போ வேட்டி சட்ட. தோள்ல துண்டு இருக்கணும். ஸ்டுடியோக்காரன் என்ன சொன்னாலும் கேக்காத. நீயே நேர்ல போ.”

“அந்த ஆர்டரெல்லாம் நான் எடுக்கறதில்லப்பா,” என்றேன். “நீங்க பாட்டுக்கு இருங்க.”