கோமுவின் கழுத்தும் இவர் கையும்

மார்ச் 3, திங்கள்

விடியும்போதே புழுக்கம். மோட்டார் ஓடவில்லை. மாவு புளித்துவிட்டது.

எங்கள் நாய் கோமு இன்று பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு ஓட்டம். அவள் ஓடுவது இது இரண்டாவது தடவை. தெருக்கோடிக் கோயிலில் யாரோ வெடி வழிபாடு. டமார் என்றதும் இரண்டடி பின்வாங்கித் தலையைக் குனிந்திருக்கிறாள். பெல்ட் தரையில். இவர் கையில் வெறும் கயிறு.

நான் அடுக்களையில். எதிர்வீட்டு பிந்துதான் வாசலில் நின்று கத்தினாள்: "சேச்சீ, பட்டி பாலத்தின்டெ அடுத்துண்டு! சேட்டன் பின்னாலே ஓடுன்னு!" நாய் பாலத்துக்குப் பக்கத்தில், இவர் அதன் பின்னால்.

இதயத்தில் ஸ்டென்ட் வைத்து மூன்று மாதம் ஆகவில்லை. ஓடுகிறாராம்!

கரமனைப் பாலத்தில் பஸ்ஸும் லாரியும். நல்லவேளை, நாய் கைப்பிடிச் சுவரோடு ஒட்டி நடுங்கிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் இவர், தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு. முகத்தில் ரத்தமே இல்லை. யாரை முதலில் திட்டுவது என்று தெரியாமல் இரண்டு பேரையும் ஆட்டோவில் ஏற்றினேன்.

மகன் பெங்களூரிலிருந்து போன். "அம்மா, அப்பாவா நாயா, நீயே யோசி. மாமாகிட்டயே திருப்பிக் குடுத்துரு."

மாமா என்றால் என் தம்பி. வள்ளியூர்ப் பக்கம் தோட்டம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சுவரைப் பார்த்துக்கொண்டே கிடந்த அத்தானுக்குத் துணையாக இருக்கட்டும் என்று சிப்பிப்பாறைக் குட்டியைக் கொண்டுவந்து விட்டவன் அவன்தான். "ஞாயித்துக்கெழம காரோட வாறேன்க்கா" என்கிறான்.

இவரிடம் கேட்டேன், நாய் போகட்டுமா என்று.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்ட்டி."

எதைக் கேட்டாலும் இப்போது இதே பதில்தான். புதுச் சட்டை, பேப்பர், பாயசம், எல்லாமே வேண்டாம். ஆனால் காலையில் கோமு வாசலில் போய் நின்றால் மட்டும் தானே செருப்பைத் தேடுவார். அதுவும் போய்விட்டால்?

மார்ச் 4, செவ்வாய்

ஆபீஸ். ஜி.எஸ்.டி. கெடு, மூச்சு விட நேரமில்லை. மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு யோசனை. இதுவரை போட்டுப் பார்த்தவை:

– தம்பி கட்டி அனுப்பிய தோல் பெல்ட். நழுவியது.

– அதே பெல்ட், ஒரு ஓட்டை இறுக்கி. நாள் முழுவதும் இருமினாள். இன்னும் கொஞ்சம் இறுக்கினால் சோறு இறங்காது.

– மகன் ஆன்லைனில் அனுப்பியது. டப்பாவுக்குள் சுருளும் கயிறு. முதல் தடவை ஓடியதே இதனால்தான். இவர் கை வழுக்கி டப்பா கீழே விழ, அது கடகடவென்று பின்னாலேயே வர, பேய் துரத்துகிறது என்று நினைத்துவிட்டாள் பாவம்.

– நெஞ்சோடு மாட்டும் ஹார்னஸ். நாம் ரவிக்கையைக் கழற்றுவதைவிட வேகமாகக் கழற்றினாள். நெஞ்சு அகலம், இடுப்பு ஒரு பிடி.

சாயங்காலம் தம்பானூர்ப் பக்கம் ஒரு கடை. மீன்தொட்டி, கிளிக்கூடு, நாய்ச் சாமான் எல்லாம் உண்டு. கடைக்காரர் ஒரு சுருக்குச் சங்கிலியை எடுத்துக் காட்டினார். "இது இட்டா மதி சேச்சி. ஓடான் நோக்கியா கழுத்து முறுகும், பின்னெ அனங்ஙில்லா." ஓடப் பார்த்தால் கழுத்தை நெரிக்குமாம், அப்புறம் அசையாதாம். என் மணிக்கட்டில் மாட்டி இழுத்துப் பார்த்தேன். சங்கிலியை மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

ராத்திரி ஒரு தூறல். மண் வாசனை மட்டும் மிச்சம்.

தையல் டேப்பை எடுத்து கோமுவை அளந்தேன். கழுத்து பதின்மூன்று அங்குலம். காதுக்குக் கீழே தலையைச் சுற்றி? அதுவும் பதின்மூன்று! இவ்வளவு நாள் ஓட்டையை எண்ணிக்கொண்டிருந்தோமே தவிர, தலையை அளக்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. கைக்கு வளையல் எப்படியோ அப்படித்தான் இவளுக்கு பெல்ட். போட்ட வழியாகவே வந்துவிடும்.

அப்புறம் யூடியூப். ஒரு வெளிநாட்டுப் பெண், இதே மாதிரி ஒல்லி நாய். அகலப் பட்டை, இரண்டு முனையிலும் வளையம். இரண்டு வளையத்துக்குள்ளும் ஓடும் இன்னொரு சின்னப் பட்டையில் கயிறு. இழுத்தால் சுருக்குப்பை மாதிரி சேரும், விட்டால் தளரும். வளையங்கள் முட்டுமளவு தைத்தால் தலையும் நழுவாது, மூச்சும் அடைக்காது.

இது என்ன பெரிய வித்தை? நானே தைப்பேன்.

இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்க்க வளைந்தபோதுதான் கவனித்தேன், வலது உள்ளங்கை முழுக்கக் கருநீலம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தின்கிறவர், நைலான் கயிறு இழுத்த இழுப்பு. திங்கட்கிழமையிலிருந்து மூடியே வைத்திருந்திருக்கிறார்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா நாயக் குத்தம் சொல்லுவ."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபமும்.

மார்ச் 7, வெள்ளி

அரை நாள் லீவு. சாலைக் கடைத்தெருவில் நடக்க வழியில்லை. அம்மன் கோயில் பொங்காலைக்குப் பொங்கல் பானை, பானைக்கு மேல் பானை. இரும்புக் கடையில் வளையங்கள். கட்டில் நாடா நாலு மீட்டர், நைலான் வேண்டாம், பருத்தி.

கடைக்காரர்: "ஒரு கட்டிலுக்கு இது காணாதே அக்கா?"

"கட்டிலுக்கில்ல, நாய்க்கு."

மெஷினில் இரண்டு ஊசி உடைந்தது. கயிற்றின் பிடியில் மூன்று மடிப்பு, நடுவில் பழைய துவாலைத் துண்டு. இவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கையை நுழைத்துப் பார்க்கச் சொன்னேன்.

"வலிக்கா?"

"இல்ல." பிடியை ஒரு தடவை அமுக்கிப் பார்த்து, "மெத்துன்னு இருக்கு."

மார்ச் 8, சனி

தெருவெல்லாம் குருத்தோலைத் தோரணம். நாளை தெருக்கோடிக் கோயில் விசேஷம். வெடி கட்டாயம் உண்டு.

வீட்டுக்குள் ஒத்திகை. கோமு பின்வாங்கினாள், தலையைக் குனிந்தாள், இழுத்தாள். பட்டை கழன்று வரவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தாள், பாருங்கள்! ஆனால் இது வீடு. சத்தம் இல்லாத இடத்தில் ஜெயிப்பதில் என்ன இருக்கிறது.

தம்பி போன். விடியற்காலம் கிளம்புகிறானாம்.

மார்ச் 9, ஞாயிறு

எட்டு மணிக்கே தம்பி வந்துவிட்டான். பின்சீட்டில் கோமுவுக்காகச் சாக்கு விரித்திருந்தான். இவர் அதைப் பார்த்தார். "ஒரு நடை போயிட்டு வாறேன்" என்று கயிற்றை எடுத்தார். நானும் தம்பியும் பின்னாலேயே போனோம்.

கோயிலைத் தாண்டுவதற்குள் வெடி. ஒன்றல்ல, வரிசையாக.

கோமு பின்வாங்கினாள். தலையைக் குனிந்தாள். வளையங்கள் இரண்டும் முட்டின, பட்டை நின்றது. காதுவரை ஏறி, அங்கேயே நின்றது. அவள் ஊளையிட்டுத் துள்ளுகிறாள். இவர் இழுக்கவில்லை, ஓடவில்லை. நடுத்தெருவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தோளில் கிடந்த துண்டால் அவள் தலையை மூடி, இரண்டு கையாலும் காதைப் பொத்தி மடியில் அமுக்கிக்கொண்டார். ஸ்கூட்டர்காரர்கள் ஹாரன் அடித்தார்கள்.

தம்பி பதறினான். "அத்தான், எந்திரிங்க, வண்டி வருது."

"இருடே. இவ நடுக்கம் தீரட்டும்."

வீட்டுக்கு வந்து இட்லி. கை கழுவிவிட்டுத் தம்பிதான் கேட்டான்: "அத்தான், இவ ஒங்களுக்கு வேணுமா, வேண்டாமா? நீங்க சொல்லுங்க."

எனக்கு பதில் தெரியும். அந்த வாய்க்கு இப்போது வேறு பதிலே கிடையாது. சட்னிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போகத் திரும்பினேன்.

"வேணும்டே" என்றார் இவர். "எனக்கு இவ வேணும்."

கிண்ணத்தோடு அங்கேயே நின்றேன்.

பின்சீட்டுச் சாக்கில் ஒரு பலாப்பழத்தை வைத்துத் தம்பியை அனுப்பினோம்.