கம்பியை அவிழ்த்தால் வருகிறவர்

மிஷ்கோல்ஸ்,
பிப்ரவரி, வியாழக்கிழமை.

அன்புள்ள தம்பி வெண்டலுக்கு,

அண்ணி ஓட்டிலியா எழுதுவது. நீ ரியேகா துறைமுகத்தில் மூட்டை தூக்குவதாக உன் சிநேகிதன் சொல்லித்தான் தெரிந்தது. ஆய்வுக்கூடத்தில் இருந்தவனுக்கு இது தேவைதானா? இங்கே பனி இன்னும் விடவில்லை. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி. உன் பேரை எடுத்தாலே எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விடுகிறார்.

இதைப் பாதியில் கிழித்துப் போடாதே. உன் அண்ணன் சாவுக்கு நீ காரணமில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அந்தப் பழைய கேபிள் துண்டுக்கு நாள்கணக்கில் மின்னழுத்தம் கொடுத்தவன் நீ. மிச்ச மின்சாரம் வடிவதற்காக அதன் இரண்டு முனைகளையும் செம்புக்கம்பியால் சேர்த்துக் கட்டாமல் வெள்ளிக்கிழமை ரயிலுக்கு ஓடிவிட்டாய், உள்ளே சுற்றியிருக்கும் காகிதத்தில் தங்கியிருந்த மின்சாரம் மெல்ல ஊறி மேலே வந்தது, சனிக்கிழமை உன் அண்ணன் டேனெஷ் அதில் கைவைத்தார் என்றுதான் எல்லோரும் பேசினார்கள். விசாரணையில் நீயும், "கட்டினேனா இல்லையான்னே ஞாபகம் இல்லைங்க" என்று சொல்லிவிட்டுத் தலைகுனிந்து நின்றாய்.

அதற்குப் பிறகு யாரோ கம்பி கட்டி, கணப்பில்லாத கிடங்கில் அதைப் போட்டுவிட்டார்கள். போன வாரம் உங்களோடு வேலை பார்த்த மார்ட்டோன் மாமா அதை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்து வந்தார். "ஆளைக் கொன்னதும்மா இது. முழுசாச் செத்துச்சான்னு பார்க்காம எப்படிக் குப்பையில போடறது" என்று சொல்லி, கணப்புப் பக்கத்தில் வைத்துக் கம்பியை அவிழ்த்து, கோடு வரையும் கருவியில் இணைத்தார். மின்சாரம் எதுவும் கொடுக்கவில்லை. தட்டச்சு செய்த தாள்களைக் கொடுக்கப் போன நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

கொஞ்ச நேரம் பேனா அசையவில்லை. பிறகு தானாகக் கீழே இறங்கியது. நீ கொடுத்த மின்னழுத்தத்துக்கு அது மேலேதான் ஏற வேண்டுமாம். இறங்கி, நின்று, திரும்பி, நடுக்கோட்டைத் தாண்டி மேலே ஏற ஆரம்பித்தது. மாமா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "குளிர்ல உறைஞ்சு கெடந்தது, சூடு பட்டதும் முழிச்சுக்கிச்சு. கடைசியாப் பட்டதைத்தான் இது முதல்ல சொல்லும். வெண்டலுக்கு அப்புறம் ஒருத்தன் தலைகீழா ஏத்தியிருக்கான்" என்றார். அந்தச் சனிக்கிழமை ஆய்வுக்கூடச் சாவி உன் அண்ணன் ஒருவரிடம்தான் இருந்தது.

அந்தக் குறுக்குவழி உனக்குத் தெரியும். நாள்கணக்கில் கட்டிப்போடப் பொறுமையில்லாமல், எதிர்த்திசையில் கொஞ்சம் மின்சாரம் ஏற்றிவிட்டால் அளவுக்கருவியின் முள் பூஜ்யத்துக்கு வந்துவிடும். மேலே இருப்பது அடங்கிவிடும். ஆழத்தில் இருப்பது பின்னால் எழுந்து வரும். நம் வீட்டு மேசையிலேயே, "சோம்பேறிப் பசங்க வேலைடா அது, ஒருநாள் ஆளை அடிச்சிரும்" என்று உன்னைத் திட்டிய மனிதர்தான் அதைச் செய்திருக்கிறார். அந்தச் சனிக்கிழமை என் பெயர்த் திருநாள், என் பெயருள்ள புனிதரின் விழா. மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அவர் மேல் ஆத்திரமாக வருகிறது.

நீ கம்பி கட்டியிருந்தாலும் கட்டாவிட்டாலும், அதன் பிறகு அவர் கை பட்டிருக்கிறது. பூஜ்யத்தை நம்பித்தான் தொட்டிருக்கிறார். மாமா விசாரணை அதிகாரிக்கு எழுதிவிட்டார். கவனத்துக்குப் பேர்போனவர் என்று உன் அண்ணனைப் பற்றி இனி யாரும் சொல்லமாட்டார்கள். பரவாயில்லை. உன் அம்மாவிடம் சொன்னேன். இந்தத் தடவை அடுப்பங்கரைக்குப் போகவில்லை. "வெண்டல் கட்டிலுக்கு வேற போர்வை போடணும்" என்றார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மறுநாள் நான் மட்டும் அங்கே போனேன். மாமா செய்ததைப் போலவே கம்பியை அவிழ்த்தேன். பேனா மறுபடி கீழே இறங்கியது. அவசரக்காரர் நடை அது, எனக்குத் தெரியாதா? அன்றிலிருந்து தினமும் போகிறேன். மாமா பார்த்துவிட்டு, "வேணாம்மா, ஒவ்வொரு தடவையும் அவன் பங்கு கொறையுது. இன்னும் கொஞ்ச நாள்ல வெண்டல் குடுத்தது மட்டும்தான் மிஞ்சும்" என்றார். உண்மைதான். நேற்று கொஞ்சம்தான் இறங்கினார். இறங்கினார் என்றே எழுதிவிட்டேன், பார்.

இனி அவிழ்ப்பதில்லை என்று நினைத்துத்தான் ஒவ்வொரு நாளும் கம்பியைக் கட்டிவிட்டு வருகிறேன். என்னால் முடியவில்லை. நீ நன்றாக இரு தம்பி. சீக்கிரம் கிளம்பி வா. உன் கையால் அதைக் கட்டிவிடு. நான் அவிழ்க்கச் சொல்லிக் கெஞ்சினாலும் அவிழ்க்காதே.

உன் அண்ணி,
ஓட்டிலியா