எதை மிதித்தாலும் நிற்கும் வண்டி

திங்கட்கிழமை புதுச் சேஸிஸின் கியர்ப் பெட்டியைத் திறந்தேன். உன் வாசனை வந்தது. இன்று சனிக்கிழமை. சவுக்காரம் போட்டுத் தேய்த்தும் கையை விட்டுப் போகவில்லை.

மிகையாகச் சொல்லவில்லை. எண்ணெயில் ஊறி, சூடேறி, லேசாகக் கருகிய கியர்ப் பட்டைத் துணியின் வாசனை அது. உன் சட்டையிலும் தலைமயிரிலும் எத்தனையோ வருஷம் இருந்தது. வண்டி, மேலே கூடு கட்டாமல் இங்கிலாந்திலிருந்து மாதிரிக்கு வந்த பஸ் சேஸிஸ். துறைமுகத்தில் இறக்கித் திருவொற்றியூர் ஷெட்டுக்கு நானேதான் ஓட்டி வந்தேன். டிரைவர் ஒரு சின்னக் கைப்பிடியை நகர்த்தி அடுத்த கியரை முன்கூட்டியே தேர்ந்து வைத்துக்கொள்ளலாம், வேண்டும்போது பெடலை ஒரு தரம் அமுக்கினால் கியர் தானே மாறிக்கொள்ளும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். அப்படி என்ன பெரிய புதுமை என்று பார்க்கத்தான் மூடியைக் கழற்றினேன். நடுவில் ஒரு பல்சக்கரம், அதைச் சுற்றிக் குட்டிச் சக்கரங்கள், வெளியே உருளைகள், ஒவ்வோர் உருளையையும் இறுக்கிப் பிடிக்க ஒரு பட்டை. உன்னுடைய பழைய அமெரிக்க வண்டியில் இருந்த அதே ஏற்பாடு. பத்துப் பேர் எதிரில் நான் ‘பொம்மை கியர்’ என்று கேலி செய்த அதே ஏற்பாடு, இப்போது கோட்டு மாட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

இந்த மாதிரியை வாங்கலாமா, கையால் கியர் மாற்றும் பஸ்ஸே போதுமா என்று நான்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். மேனேஜர் இன்று பகல் வரை நேரம் கொடுத்திருந்தார். வாங்கலாம் என்று எழுதினால் உன்னிடம் தோற்றேன் என்று எழுதியதாகும். வேண்டாம் என்று எழுதினால் பொய். நீ செத்து ஏழு வருஷம் ஆகிறது. இன்னும் எனக்கு உன்னால் தொல்லை.

பொறாமைதான். வேறு பெயர் வைத்து மழுப்ப எனக்குத் தெரியாது. டெக்னிக்கல் ஸ்கூலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். டிராயிங்கில் நான் முதல், கணக்கிலும் நான் முதல். நீ டிராயிங் தாளில் எண்ணெய்க் கையை வைத்து வாத்தியாரிடம் திட்டு வாங்குவாய். ஆனால் எஞ்சின் நின்றுபோனால் அதே வாத்தியார் என்னைத் தாண்டி உன்னைத்தான் பார்ப்பார். நீ எழுந்துகூட வரமாட்டாய். உட்கார்ந்த இடத்திலிருந்தே, “காத்து இழுத்துகினு கீது சார், ஜாயிண்ட்டைப் பாருங்க” என்பாய். அங்கேதான் இருக்கும். பரீட்சைத் தாளில் இதற்கு மார்க்கு கிடையாது. அதுதான் எனக்கு இருந்த ஒரே ஆறுதல்.

படிப்பு முடிந்ததும் நம் இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் வேலை கிடைத்தது. எண்ணூரில் உப்பளம் வைத்திருந்த முதலாளி, ஊரே ‘நைனா’ என்று கூப்பிட்ட மனிதர், எண்ணூரிலிருந்து ராயபுரத்துக்கு பஸ் விடப்போகிறேன் என்று கிளம்பினார். எந்த வண்டி வாங்குவது என்று நம்மைக் கேட்டார். யார் சொல்வது சரியோ அவன் கையில் ஷெட்டு என்றும் சொன்னார். எனக்கு அந்த ஷெட்டு வேண்டும். அதைவிட, ஒரு தரமாவது உன்னை ஜெயிக்க வேண்டும்.

நான் இங்கிலீஷ் வண்டியைச் சொன்னேன். மூன்று வேகம், கையால் மாற்றும் கியர், நேரான தண்டு, நல்ல எஃகு. நீ அமெரிக்க வண்டியைச் சொன்னாய். இரண்டே வேகம், எல்லாம் காலால்.

“பொம்மை கியர்டா அது” என்றேன். “அந்தக் கம்பெனிக்காரனுக்கு வேற எதுவும் செய்யத் தெரியாது. வருஷா வருஷம் ஒரே வண்டி, ஒரே கறுப்பு. உலகம் எங்கேயோ போய்க்கிட்டிருக்கு.”

“ஒரே வண்டிதான் மாமு. அதான் சொல்றேன். வண்ணாரப்பேட்டைல உடஞ்சாலும் அதே ஆணி, எண்ணூர்ல உடஞ்சாலும் அதே ஆணி. உன் இங்கிலீஷ்காரன் வருசத்துக்கு ஆறு தினுசு போடுறான். ஒரு பல்லு போனா கப்பலுக்குக் காத்துகினு நிக்கணும்.”

“பல்லு ஏன் போகுது?”

“ஓட்டறவன் யாரு? நீயா?”

அந்தக் கேள்வியை நான் சட்டை செய்யவில்லை. நைனா இரண்டு கம்பெனி ஏஜெண்டுகளிடமும் மாதிரி வண்டி கேட்டு வாங்கினார். உப்பு மூட்டை ஏற்றித் திருவொற்றியூரிலிருந்து கிளம்பி, ரயில் லைனுக்கு மேலே ஏறும் பாலத்தைத் தாண்டி ராயபுரம் போய்ச் சேர வேண்டும். நீ ஒரே ஒரு நிபந்தனை போட்டாய். இரண்டு வண்டியையும் ஏழுமலை அண்ணன்தான் ஓட்ட வேண்டும். ஏழுமலை அண்ணன் அதுவரை குதிரை ஜட்கா ஓட்டியவர். இரண்டு வண்டியிலும் அவருக்கு மூன்று மூன்று நாள்தான் பழக்கம். எஃகுமேல் இருந்த நம்பிக்கையில் நான் உடனே ஒப்புக்கொண்டேன். நான் செய்த முட்டாள்தனம் அதுதான்.

முதலில் என் வண்டி. சமதரையில் அழகாகப் போயிற்று. உன்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கக்கூடச் சிரித்தேன். பாலத்து மேட்டில் பாதி ஏறியதும் கியரைக் குறைக்க வேண்டியிருந்தது. கிளட்சை அமுக்கி, விட்டு, எஞ்சின் வேகத்தைக் கூட்டி, மறுபடி அமுக்கி மாற்ற வேண்டும் என்று நூறு தரம் சொல்லிக் கொடுத்திருந்தேன். அண்ணன் அமுக்கினார். பல்லும் பல்லும் கடித்துக்கொண்டு அலறின. கியர் விழவில்லை. வண்டி பின்னால் உருண்டது. பிரேக்கை மறந்துவிட்டு அவர் ஸ்டீயரிங் வளையத்தை இரண்டு கையாலும் மாரோடு இழுத்துப் பிடித்து, “ஓ… ஓ… நில்லுடா ராஜா!” என்று கத்தினார். லகானை இழுத்து இழுத்துப் பழகிய கை. நீதான் ஓடிப்போய்ப் பின்சக்கரத்துக்குக் கட்டை போட்டாய். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அந்தக் கட்டையை நீ போடாமல் இருந்திருக்கலாம் என்றுகூட அன்றைக்கு நினைத்தேன். மூட்டையோடு போய்ச் சுவரில் மோதியிருந்தால் தோல்வியாவது என் சொந்தத் தோல்வியாக இருந்திருக்கும்.

அடுத்து உன் வண்டி. அடிவாரத்திலேயே வண்டியைத் திருப்பச் சொல்லி, பின்புறமாக ஏற்றினாய். பின்னால் போகும் கியருக்குத்தான் அதில் இழுவை அதிகம். பெட்ரோல் டாங்கி ஸீட்டுக்கு அடியில் இருப்பதால் முன்புறமாக ஏறினால் எஞ்சினுக்குப் பெட்ரோல் இறங்காது. இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் தெரிந்ததை வெட்கப்படாமல் நடுவீதியில் செய்ய என்னால் முடியாது. பாலத்தில் கூட்டம் கூடிவிட்டது. கூடையோடு நின்ற மீன்காரம்மா ஒருத்தி, “இன்னாடி இது, இறாலாட்டம் பின்னாலயே பூடுதே!” என்று கத்த, எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சேர்ந்து சிரித்தாய். வண்டி ஏறிவிட்டது.

உச்சியில் திருப்பி, அந்தப் பக்கம் இறங்கும்போது ஒரு மாட்டு வண்டி குறுக்கே வந்தது. ஏழுமலை அண்ணன் அரண்டுபோய் மிதித்தார். பிரேக்கை அல்ல, நடுப் பெடலை, பின்னால் போவதற்கான பெடலை. வண்டி ஒரு உலுக்கு உலுக்கி மாட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

நீ நைனாவிடம் சொன்னாய்: “பாத்தீங்களா நைனா, அண்ணன் தப்பாத்தான் மிதிச்சாரு. அப்பியும் நின்னுச்சி. இதுல பயந்துபோயி எதை மிதிச்சாலும் வேகம் கொறையும். அவன் வண்டி நல்ல வண்டிதான், நான் இல்லேங்கல. ஓட்டக் கத்துக்க ஆறு மாசம் வேணும். நம்மகிட்ட ஆறு மாசம் கீதா?”

என் வண்டியை நீ நல்ல வண்டி என்றாய். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நைனா என் தோளில் தட்டினார். “ஷெட்ட அவன் பாத்துக்கட்டும்டா. நீ அவனுக்குத் தொணையா இரு” என்றார். துணையாக இருந்தேன், இரண்டு வருஷம். ஜட்கா ஓட்டியவர்கள், கட்டுமரத்தில் போனவர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள் என்று வந்தவர்களையெல்லாம் நீ ஒரே வாரத்தில் டிரைவர் ஆக்கினாய். அவர்கள் உன்னை ‘வாத்தியாரே’ என்றார்கள். என்னை ‘சார்’ என்றார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. மவுண்ட் ரோட்டில் இங்கிலீஷ் கார் விற்கும் கம்பெனிக்குப் போய்விட்டேன். நீ தடுக்கவில்லை. “அங்க உனக்கு ஏத்த வண்டிங்க கீது, போ” என்றாய். அதையும் மனதாரச் சொன்னாய், பாவி.

பிறகு ஒருநாள் செய்தி வந்தது. உன் அமெரிக்கக் கம்பெனி அந்த வண்டி போடுவதையே நிறுத்திவிட்டது. தொழிற்சாலையை மூடி, இயந்திரங்களை எல்லாம் மாற்றி, புது வண்டி கொண்டுவருகிறது. அவர்கள் ஏஜெண்டு கடையில் படம் போட்ட காட்டலாக் கிடைத்தவுடன் புரட்டினேன். கையால் மாற்றும் கியர், மூன்று வேகம், நிறம்கூட நாலைந்து. கடை நடுவில் நின்று கை தட்டினேன். ஏஜெண்டு என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். டிராம் பிடித்து ராயபுரத்தில் உன் வீட்டுக்கு வந்தேன். நீ காசத்தில் படுத்திருப்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வரவில்லை. காட்டலாக்கைக் கொண்டுவந்தேன்.

உங்கள் அம்மா கதவைத் திறந்து, உள்ளே பார்த்து, “டேய், வந்துட்டான் உன் சண்டைக்காரன்” என்றார்.

நீ தலையணையில் சாய்ந்தபடி பக்கம் பக்கமாகப் பார்த்தாய். கை எலும்பாக இருந்தது. நான் உட்காரவில்லை. “சொல்லு. இப்ப சொல்லு. உன் கம்பெனிக்காரனே என் பக்கம் வந்துட்டான்” என்றேன்.

இருமி முடித்துவிட்டுச் சிரித்தாய். “உன் பக்கம் எங்கடா வந்தான்? ஓட்டத் தெரியாதவங்களுக்கு ஒரு வண்டி செஞ்சான். அத வச்சிகினு உலகமே ஓட்டக் கத்துகிச்சி. பயம் பூட்ச்சி. பயம் போனவனுக்கு அந்த வண்டி எதுக்கு? அவன் யாவாரத்த அவனே முடிச்சிகினான். அதுகூட அவனுக்கு லேட்டாத்தான் தெரிஞ்சிது. ரெண்டு மூணு வருசம் முன்னாலயே மாத்தியிருக்கணும்.”

அவ்வளவு பெரிய கம்பெனி செய்த தவற்றைப் படுக்கையிலிருந்து மூன்று வரியில் சொல்லிவிட்டாய். டிராமில் வரும் வழியெல்லாம் யோசித்தும் எனக்கு அது தோன்றவில்லை. ‘நீ சொன்னது சரிடா’ என்ற ஒரு வார்த்தைக்காக வந்தேன். கிடைக்கவில்லை. காட்டலாக்கை உன்னிடமே விட்டுவிட்டுக் கோபமாகக் கிளம்பினேன். அடுத்த மாதம் காசிமேட்டுக் கல்லறையில் உன்னை வைத்தார்கள். காக்கிச் சட்டை போட்ட உன் டிரைவர்கள் சுவர் நெடுக நின்றார்கள். அன்று காலை எண்ணூர் ரோட்டில் பஸ்ஸே ஓடவில்லையாம். எனக்கு இப்படி யார் நிற்பார்கள் என்றுதான் முதலில் தோன்றியது.

நைனா பஸ் லைனை விற்றபோது அதை வாங்கிய கம்பெனியில் எஞ்சினீயர் வேலை கேட்டு வந்தேன். ஏன் என்று என்னைக் கேட்காதே. உன் ஷெட்டில் ஏழு பஸ் இருந்தது. இப்போது முப்பது இருக்கிறது. கூரையை மாற்றினேன், வண்டிக்கு அடியில் இறங்கி வேலை பார்க்கும் குழியை ஆழமாக்கினேன், எல்லாவற்றுக்கும் வரைபடம் உண்டு. நல்ல ஷெட்டு. யாரும் வாய் திறந்து சொல்வதில்லை.

இந்த வாரத்துக்கு வருகிறேன். செவ்வாய், புதன் இரண்டு நாளும் அறிக்கைக் காகிதம் வெள்ளையாகவே கிடந்தது. வியாழக்கிழமை காகிதத்தை வைத்துவிட்டு ஏழுமலை அண்ணன் பஸ்ஸில் முன்னால் ஏறி உட்கார்ந்தேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை அவருடைய இடது காலை மட்டும் பார்த்தேன். கூப்பிடு தூரத்துக்கு ஒரு ஸ்டாப். ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் கிளட்ச், கியர், கிளட்ச், கியர். சந்தை நேரத்தில் இன்னும் அதிகம். மத்தியானம் அவர் வேட்டியை விலக்கி முட்டியைத் தடவிக்கொண்டார். வீங்கியிருந்தது.

“எத்தினி நாளா அண்ணே?”

“அது கெடக்கட்டும் சார். எல்லா டிரைவருக்கும்தான் கீது. இன்னிக்கி இன்னா, புதுசா என் காலைப் பாக்குற?”

வெள்ளிக்கிழமை எழுதி முடித்தேன். முன்பு டிரைவருக்குப் பயம் இருந்தது, இப்போது அசதி இருக்கிறது. எந்தக் கியர் உயர்ந்தது என்று பார்ப்பதைவிட ஓட்டுகிறவனுக்கு என்ன இருக்கிறது என்று பார்த்து வாங்க வேண்டும். கியர் மாற்ற ஒரே மிதி போதும் என்பதால் இந்த வழித்தடத்துக்குப் பட்டை கியர்தான் சரி என்று எழுதினேன். கீழே என் கையெழுத்தைப் போட்டேன். உன் பெயர் எங்கும் இல்லை.

இன்று பகல் மேனேஜர் தன் அறையில் அதைச் சத்தமாகப் படித்தார். பெங்களூரிலிருந்து புதிதாக வந்த மனிதர், எங்களில் யாரைப் பற்றியும் அவருக்குத் தெரியாது. டிரைவர்கள் சார்பில் ஏழுமலை அண்ணனையும் கூப்பிட்டிருந்தார். படித்து முடித்து, “பிரமாதம். இந்த மாதிரி யோசனை உங்களுக்கு எங்கே கிடைத்தது?” என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் பேசிவிட்டார். “இவுருக்கு எங்க கெடைக்கும் சார்? இது எங்க வாத்தியாரு பேச்சு. அச்சு அசலா அவுரு பேசுறா மாதிரியே கீது.”

அறையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மறுத்திருக்கலாம். கையெழுத்து என்னுடையது.

“ஆமாம்” என்றேன். “அவன் யோசனைதான்.”

மேனேஜருக்கு ஒரே உற்சாகம். “யார் அது? இப்படிப்பட்ட ஆளை வெளியே விட்டு வைக்கலாமா? எங்கே இருந்தாலும் திங்கட்கிழமை வரச் சொல்லுங்கள். ஷெட்டில் நல்ல இடமாகப் போட்டுத் தருகிறேன்” என்றார்.

ஏழுமலை அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு முதலில் வந்தது ஆத்திரம். முப்பது பஸ்ஸை நான் ஓடவைக்கிறேன், மண்ணுக்குள் கிடக்கிற உனக்கு வேலை கொடுக்கிறார்கள். நீ இல்லை என்று அவரிடம் சொல்ல இரண்டு வார்த்தை போதும். அந்த இரண்டு வார்த்தையை என்னால் சொல்ல முடியவில்லை. சொன்னால் அவ்வளவுதான், போட்டி முடிந்துபோகும்.

“சொல்கிறேன் சார்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

சொல்லிவிட்டேன். உன்னைத் திங்கட்கிழமை வரச் சொல்கிறார்கள்.