பேப்பர்ல வந்த பேச்சு

பீளமேடு, கோயம்புத்தூர்
3.6.1998

அன்பு மகள் மோகனப்பிரியாவுக்கு அப்பன் எழுதறது. மருதமலையான் புண்ணியத்துல நானும் உங்கம்மாவும் சௌக்கியம். உன்ற சௌக்கியம் தெரியாமத்தான் ரெண்டு பேருக்கும் சோறு எறங்கலை. ரெண்டு ஞாயித்துக்கிழமையா நீ போன் பண்ணலை. நம்மூட்டுப் போன்ல வெளிநாட்டுக்குப் போட முடியாதுன்னு நான் பூத்துக்குப் போயி நாலு தடவை போட்டுப் பாத்தேன், மணி அடிக்குது, எடுக்கத்தான் ஆளக் காணோம்.

அம்மணி, நான் ஒரு தப்புப் பண்ணிப்போட்டேன், திட்டாமப் படி. போன மாசம் நம்ம நாட்டுல அணுகுண்டு வெடிச்சுப் பாத்தாங்கல்ல, எனக்குத் தலைகால் புரியலை. மறுநாள் மத்தியானமே இரும்பு உருக்கற நம்ம பவுண்டரிய மூடிப்போட்டு, அஞ்சு கிலோ லட்டு வாங்கி பஸ் ஸ்டாப்புல போறவங்க வாறவங்களுக்கெல்லாம் குடுத்தேன். ஒரு பேப்பர்காரன் போட்டோ எடுத்தான். சும்மா இருந்தனா? எம்பொண்ணு அமெரிக்காவுல ஏரோப்பிளேன் கம்பெனியில இஞ்சினியரு, அவங்க வித்தையெல்லாம் கத்துக்கிட்டு வந்து நமக்கே செஞ்சு குடுப்பான்னு சொல்லிப்போட்டேன். அவனும் உன்ற பேரோட அச்சடிச்சுட்டான். பத்துக் காப்பி வாங்கி ஒறம்பரை, சொந்தபந்தத்துக்கெல்லாம் வேற அனுப்புனேன், கருமம்.

இப்பத்தான் பண்ணுன தப்பு ஒறைக்குது. அமெரிக்காக்காரன் நம்ம மேல தடை போட்டுட்டான், ஜப்பான்காரனும் அவன் பக்கம் போயிட்டான், பாகிஸ்தான்காரன் பதிலுக்கு வெடிச்சுட்டான். சைனாவுக்குப் பயந்துதான் வெடிச்சோம்னு டில்லியில சொல்றாங்க, அமெரிக்காப் பெரியவரோ இந்த மாசமே சைனாவுக்கு விருந்துக்குப் போறாராம். முந்தியெல்லாம் நமக்கு ஒண்ணுன்னா ருசியாக்காரன் எந்திரிச்சு நிப்பான், இப்ப அவனே நொடிச்சுப்போயிக் கெடக்கறான். அவங்க ஆருகூட வேணா சேரட்டும், பிரியட்டும், நடுவுல எம்பொண்ணு தனியா இருக்கறாளே. அங்க நம்ம இஞ்சினியருங்களுக்கு மேசையக் காலி பண்ணச் சொல்றாங்கன்னு லேத் பட்டறை சுப்பண்ணனோட மாப்ள சொன்னாராம். என்ற பேச்சப் படிச்சா உன்னை வேவு பாக்க வந்தவன்னுதான நெனப்பாங்க? எனக்கு பயமா இருக்குது கண்ணு.

முந்தாநேத்து நம்மூட்டுப் போன் அடிச்சுது. எடுத்தா வெள்ளக்காரன் குரல். மோகனப்பிரியாங்கறான், பாதர்ங்கறான், மத்தது ஒண்ணும் வெளங்கலை. உன்னைப் பத்தி விசாரிக்கத்தான் கூப்படறான்னு நெனச்சுட்டேன். நோ டாட்டர், ராங் நம்பர்னு சொல்லி வெச்சுப்போட்டேன். உன்னைக் காப்பாத்தறதாத்தான் நெனச்சேன். உங்கம்மா கேட்டா ஒரு கேள்வி, புள்ளைக்கு ஏதாச்சும் ஆகி அந்த மனுசன் தகவல் சொல்லக் கூப்புட்டிருந்தான்னா என்ன பண்ணுவீங்கன்னு. அதுக்கப்பறம் அவ எங்கூடப் பேசறதில்லை. நான் பவுண்டரிக்குப் போகாம போன் பக்கத்துலயே உக்காந்திருக்கறேன். அது மறுபடி அடிக்கவே இல்லை.

வேலை போனாப் போகுது, வந்துரு சாமி. பாஸ்போர்ட்ட எப்பவும் கைப்பையிலயே வெச்சுக்க. ஆரு கேட்டாலும் எங்கப்பனுக்கு வாய்க்கொழுப்பு, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிப்போடு. நீ நூறு வருசம் நல்லா இருக்கோணும். இது கெடைச்சதும் ஒரே ஒரு வார்த்தை போன்ல பேசிரு, மறந்தராத. இந்தக் காயிதத்த அங்க ஆரு பிரிச்சுப் படிச்சாலும் படிக்கட்டும்.

இப்படிக்கு,
மோகனப்பிரியாவைப் பெத்த அப்பன்
ப. அரங்கசாமி