பல் வாசல்

2014, அக்டோபர் 4, சனி

புது ஆட்டக்கூடத்தில் முதல் ஆட்டம். பொலோஞ்ஞாவிலிருந்து வந்தவர்களிடம் நம் பையன்கள் தோற்றார்கள். தடுத்து ஆடுவது என்று ஒன்று இருப்பதை இவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. பழைய கூடத்தில் செய்ததுபோலவே பக்கத்து இருக்கையில் என் கணவர் ஒத்தொரினோவின் பழுப்புக் கோட்டைப் போட்டுவைத்தேன். அவர் போய் ஒன்பது வருடம். இருக்கை இன்னும் அவருடையதுதான். இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டுப் பார்க்கட்டும்.

இடைவேளையில் பங்குக் கோயில் செத்திமியோ சாமி வந்தார். கூடத்தின் பெரிய வாசலுக்குப் பெயர் வைக்கப் போகிறார்களாம். நம் கூடைப்பந்துச் சங்கத்திலேயே மிகச் சிறந்த அணியைச் சேர்த்த மேலாளரின் பெயர். பயிற்சியாளர் இல்லை, ஆட்டக்காரர் இல்லை. ஆளைத் தேடிப் பிடித்து, பேசிக் கொண்டுவந்து, ஒரே அணியாக்கியவர். ஐந்து பேர் வாக்களிப்பார்கள். நானும் ஒருத்தி.

"இதுல பேசறதுக்கு என்ன இருக்கு, சாமி? ஒத்தொரினோதானே?" என்றேன்.

சாமி சிரித்தார். புதுப் பற்கள். அழகாகத்தான் இருக்கின்றன.

அக்டோபர் 6, திங்கள்

போட்டியில் மூன்று பேராம்! என் கணவர், 1971 அணி. லெயார்கோ மலகோலி, 1983 அணி. என் கணவருக்குப் பிறகு அவர் நாற்காலியில் உட்கார்ந்தவன், அதன்பின் நான் பேசாத ஆள். மூன்றாவது பல் டாக்டர் தஸ்ஸினாரி. பத்திரிகையில் பெயர் வந்தவர்களை எல்லாம் அள்ளிக் கொண்டுவந்து, 1994இல் இரண்டாம் இடம் பிடித்தவர். "ஒரே ஒரு புள்ளியில போச்சு" என்று பல் பிடுங்கும்போதும் சொல்வார். வாயைத் திறந்து வைத்திருப்பவர்கள் மறுத்துப் பேச முடியாதே.

சாமி, மருந்துக்கடை யோலாந்தா, டாக்டர், லெயார்கோ, நான். இவைதான் ஐந்து வாக்கு. போட்டியில் இருப்பவர்களே வாக்களிப்பதா? இந்த ஊரில் அது யாருக்கும் உறுத்தவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

காப்பிக்கடையில் லெயார்கோ வேண்டுமென்றே உரக்கப் பேசினான்.

"ஒத்தொரினோ அணிய அதிர்ஷ்டம்னுதான் சொல்லணும். ரொட்டிக்கடையில விளக்குக்கம்பம் மாதிரி ஒருத்தன் நின்னான், கூட்டிட்டு வந்துட்டாரு."

இத்தனை வருடப் பேச்சில்லாமை அந்த நொடியில் போயிற்று.

"அந்தக் கடையில ஊரே ரொட்டி வாங்குச்சு. உங்க கண்ணுல ஏன் படல? உங்க அமெரிக்கன் மூணு வாரத்துல ஊருக்குப் போறேன்னு அழுதானே, அது என்ன?"

"அழுதான். அவன் அம்மாவ வரவழைச்சேன். என் சமையல்கட்டையே அவங்க கையில கொடுத்தேன். எட்டு வருஷம் இருந்தான்! ஆளைப் பிடிக்கறது பெரிசில்ல எர்சிலியாம்மா. நிறுத்தி வைக்கணும். அதுக்குத்தான் மேலாளர்."

காப்பி ஆறிவிட்டது என்று பரிமாறும் பெண்ணைக் கடிந்துகொண்டேன். அவள் மேல் ஒரு தவறும் இல்லை.

கெட்ட ஆள். சரியான வாதம்.

அக்டோபர் 12, ஞாயிறு

பூசை முடிந்து சாமிக்கு ஒரு கிண்ணம் கறி பொதிந்த தோர்தெல்லினி கொடுத்தனுப்பினேன், கோழிச் சாறோடு. இது கையூட்டு இல்லை. போன வாரம் ஏன் கொடுக்கவில்லை? போன வாரம் நான் மாவே பிசையவில்லை.

யோலாந்தாவுக்கும் ஒரு கிண்ணம். "எதுக்குக்கா இதெல்லாம்? என் ஓட்டு எப்பவும் ஒத்தொரினோ அண்ணனுக்குத்தான்" என்றாள்.

"எந்த ஓட்டு?" என்று வியந்தேன். நன்றாகவே வியந்தேன்.

அக்டோபர் 15, புதன்

சாமி காலிக் கிண்ணத்தைத் திருப்பி அனுப்பினார். கழுவாமல்.

அக்டோபர் 23, வியாழன்

நாளை வாக்கெடுப்பு.

மடத்துப் பள்ளியில் வகுப்புத் தலைவியைத் தேர்ந்தெடுக்கும்போது மதர் அமாபிலே சொல்வார்: தன் பெயரைத் தானே எழுதுகிறவள் நல்ல வீட்டுப் பெண் அல்ல. நான் எப்போதும் எதிராளியின் பெயரைத்தான் எழுதினேன். எப்போதும் ஜெயித்தேன். கணவர் பெயரும் என் பெயரும் ஒன்றுதானே? ஆகவே என் வாக்கு லெயார்கோவுக்கு. அமெரிக்கனின் அம்மாவுக்காக.

ஆபத்தில்லை. கணக்குப் போட்டுவிட்டேன். சாமியும் யோலாந்தாவும் ஒத்தொரினோவுக்கு. லெயார்கோ தன் பெயரைத்தான் எழுதுவான். என்னுடையதும் சேர்ந்தால் அவனுக்கும் இரண்டு. டாக்டருக்கு அவருடையதே ஒன்று. சமமாக வந்தால் சாமி தீர்ப்புச் சொல்வார். சாமி கிண்ணத்தை மிச்சம் வைக்காமல் காலி செய்தவர்.

அக்டோபர் 24, வெள்ளி

ஐயோ.

டாக்டருக்கு இரண்டு. ஒத்தொரினோவுக்கு இரண்டு. லெயார்கோவுக்கு ஒன்று. சாமி எழுந்தார், தரையைப் பார்த்தார், "டாக்டர் தஸ்ஸினாரி" என்றார். வாய் நிறையப் பல் தெரிந்தது. அந்தப் பல்லைக் கட்டினது யாருன்னு ஒரு வார்த்தை கேட்டேனா நான்? கேட்கலையே!

வெளியே படியில் லெயார்கோ கத்திக்கொண்டிருந்தான்.

"எனக்கு ஒரு ஓட்டாம்! எவன் போட்டது?"

"நீங்களேதான் போட்டிருப்பீங்க."

"நானா? நான் ஒத்தொரினோவுக்குல்ல போட்டேன்!"

ஏன் என்று கேட்டேனா, நினைத்தேனா, தெரியவில்லை.

"ரொட்டிக்கடைக்காரன், கசாப்புக்கடைக்காரன் மகன், குருமடத்துலேர்ந்து ஓடி வந்தவன்... எவனும் பார்க்காத ஆளுங்களப் பார்த்தாரே அந்த மனுஷன்! எனக்கு அந்தக் கண்ணு கிடையாது. அவர் இருக்கறப்ப சொல்ல வாய் வரல. ஓட்டாவது போடுவோம்னு போட்டேன்." பிறகு விரல் விட்டு எண்ணத் தொடங்கினான். "டாக்டர் தனக்கே. சாமி பல்லுக்கு. யோலாந்தா உங்க பக்கம். அப்போ..."

என்னைப் பார்த்தான். நான் என் கையுறையைப் பார்த்தேன்.

"எர்சிலியாம்மா! புருஷனுக்குப் போடாம எனக்கா போட்டீங்க?"

"அந்த அமெரிக்கனோட அம்மாவுக்குப் போட்டேன்."

சிரித்தான். இருமினான். சுவரைப் பிடித்துக்கொண்டு மறுபடி சிரித்தான். நான் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி, தொப்பியைக்கூடக் கழற்றாமல் அழுதேன்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள்

ஒத்தொரினோவிடம் சொல்லிவிட்டேன். உங்களைத் தோற்கடித்தது நான்தான். நல்ல பழக்கத்தால்.

பின்னால் லெயார்கோ, கையில் சாமந்திப்பூ.

"திட்டறாரா?"

"ஒண்ணும் பேசல."

"உயிரோட இருக்கறப்பவும் அப்படித்தான். நம்மளயே பேசவிட்டுக் கேட்டுட்டிருப்பாரு."

உண்மைதான். அதைக் கவனித்த இன்னொரு ஆள் இருப்பது எனக்குத் தெரியாது.

நவம்பர் 15, சனி

பெயர்ப் பலகை திறப்பு. கல்லில் டாக்டரின் பெயர். உரையில் அந்த ஒரு புள்ளி மூன்று முறை வந்தது. லெயார்கோ என் காதருகே குனிந்து, "பல் வாசல்" என்றார்.

அநாகரிகம் என்றேன்.

நவம்பர் 17, திங்கள்

ரொட்டிக்கடையில் வாய் தவறி "பல் வாசல்" என்று சொல்லிவிட்டேன். மீன்கடையிலும். யோலாந்தா கடையில் வரிசை நீளமாக இருந்தது, அங்கேயும்.

டிசம்பர் 6, சனி

கூடத்துக்குப் போகும் வழியில் முன்பின் தெரியாத ஒரு பெண் தொலைபேசியில்: "பல் வாசல்ல நில்லு, வந்துடறேன்." நான் நடையை மாற்றவில்லை.

சாமி பிடித்துக்கொண்டார். "டாக்டர் வருத்தப்படறாரும்மா. நீங்க கொஞ்சம் சொல்லக் கூடாதா?"

"ஊர் வாய அடைக்க நான் என்ன பல் டாக்டரா, சாமி?"

கூடம் நிறைந்திருந்தது. லெயார்கோ தாமதமாக வந்தார், இடமில்லை. படியில் நின்று, முழங்கால் வலியில் காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பார்க்காத மாதிரி இருந்தேன். பிறகு கோட்டை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"உட்காருங்க. பின்னால இருக்கறவங்களுக்கு மறைக்குது."

உட்கார்ந்தார். முழங்காலை நீவிக்கொண்டார். அப்புறம், "என்ன சொன்னாலும், அந்த ரொட்டிக்கடைப் பையனுக்கு இடது கையில பந்து நிக்காது" என்றார்.

ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்று யோலாந்தாவைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.